அக்கா மகன் விசா கேரக்டர் (நன்னடத்தை) காரணத்தால் ரத்து, தீர்ப்பாயத்திலும் தோல்வி. ஃபெடரல் கோர்ட்டுக்குப் போவதில் பயன் உண்டா? (ஆஸ்திரேலியா)

பாராமட்டா_மாமா:

எல்லோருக்கும் வணக்கம். சிட்னியில் இருக்கிறேன். என் அக்கா மகன் விஷயமாகக் கேட்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள்.

பையன் 5 வயதில் மதுரையிலிருந்து இங்கே வந்தவன், இப்போது 27. பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் விசா) மட்டும்தான், சிடிசன்ஷிப் எடுக்கவில்லை. ஊரில் நிலம் இருக்கிறது, இந்திய பாஸ்போர்ட்டை விட வேண்டாம் என்று அத்தான் இருந்துவிட்டார், அப்போது யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு பப் வாசலில் நடந்த சண்டையில் எதிராளிக்குத் தாடை உடைந்துவிட்டது. 18 மாதத் தண்டனை. ஜெயிலில் இருக்கும்போதே விசா ரத்து என்று கடிதம் வந்தது. 28 நாளுக்குள் பதில் எழுதி ரத்தை நீக்கச் சொல்லிக் கேட்டோம், துறை அதிகாரி மறுத்துவிட்டார். தீர்ப்பாயத்துக்குப் போனோம், அங்கேயும் போன வாரம் மறுத்துவிட்டார்கள். இப்போது விலாவுட் தடுப்பு முகாமில் இருக்கிறான். அவனுக்கு ஒரு வயதில் பெண் குழந்தை இருக்கிறது, குழந்தையின் அம்மாவுக்கு முந்தைய உறவில் பிறந்த 7 வயதுப் பையனும் இவனைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறான். தமிழ் பேசுவான், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் அவனுக்கு என்று இப்போது யாரும் இல்லை, பாட்டி தாத்தா இருவரும் போய்விட்டார்கள்.

அக்கா தூங்குவதே இல்லை. ஒரு ஏஜென்ட் "கோர்ட்டில் போடுங்கள், எப்படியும் ஜெயித்துவிடலாம்" என்கிறார். இன்னொருவர் "கோர்ட் விசா தராது, காசுக்குக் கேடு" என்கிறார். எது உண்மை? கோபத்தைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் இப்போதுதான் முடித்தான், ஒரு கம்பெனி வேலை தருவதாகக் கடிதமும் கொடுத்திருக்கிறது. இதையெல்லாம் கோர்ட்டில் காட்டலாமா?

கரிசல்மண்:

அண்ணா, நான் மெல்பர்னில் குடிவரவு வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் மருமகனின் காகிதங்களைப் பார்க்காமல் அவன் ஜெயிப்பானா என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அவசரமான விஷயம். தீர்ப்பாயத்தின் முடிவுத் தேதியிலிருந்து 35 நாளுக்குள் மனு போட வேண்டும். முடிவு உங்கள் கைக்கு வந்த தேதி கணக்கில்லை, முடிவில் போட்டிருக்கும் தேதிதான் கணக்கு. தவறவிட்டால் காலநீட்டிப்பு கேட்கலாம், ஆனால் ஏன் தாமதம், வழக்கில் சாரம் இருக்கிறதா என்றெல்லாம் அதற்கே தனியாக வாதாட வேண்டியிருக்கும். இன்னொன்று, சாதாரண ஸ்டூடண்ட் விசா, பார்ட்னர் விசா மறுப்புகள் ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட்டுக்குப் போகும், கேரக்டர் காரணத்தில் தீர்ப்பாயம் கொடுத்த முடிவு நேரே ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தவறான கோர்ட்டில் போட்டு நாட்களைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கோர்ட் விசா தராது, அது உண்மைதான். அவன் நல்லவனா, திருந்திவிட்டானா, இங்கே இருக்கத் தகுதியானவனா என்பதை நீதிபதி பார்க்கவே மாட்டார். தீர்ப்பாயம் சட்டப்படி முடிவெடுத்ததா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. அதனால் புதிய கோர்ஸ் சான்றிதழ், வேலைக் கடிதம் இவற்றால் கோர்ட்டில் பிரயோஜனம் இல்லை, தீர்ப்பாயத்தின் முன்னால் அன்றைக்கு என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் ஜெயித்தால் வழக்கு மறுபடி தீர்ப்பாயத்துக்கே வரும், அப்போது அவை உயிர்நாடி.

எதைத் தவறு என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்பதுதான் முக்கியம். நீங்கள் தெளிவாக எழுதிக்கொடுத்த ஒரு முக்கியமான வாதத்தை அவர்கள் தொடவே இல்லை என்றால் அது தவறு. 2022-ல் ப்ளெய்ன்டிஃப் எம்1 வழக்கில் உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம், நம் ஊர்ப் பெயரை வைத்துக் குழம்ப வேண்டாம்) சொன்னது என்னவென்றால், கொடுத்த விண்ணப்பத்தைப் படித்து, புரிந்துகொண்டு, எடைபோட வேண்டும். ஆனால் எவ்வளவு எடை கொடுப்பது என்பது முடிவெடுப்பவரின் விருப்பம். ஆகவே "எங்கள் குடும்பக் கஷ்டத்துக்கு இன்னும் மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும்" என்று போனால் முதல் நாளே மனு விழுந்துவிடும். ஆதாரமே இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருப்பது, சட்டப் பிரிவைத் தப்பாகப் படித்திருப்பது, அமைச்சரின் 110-ஆம் எண் வழிகாட்டு உத்தரவை (கேரக்டர் வழக்குகளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்வது) பின்பற்றாமல் விட்டது, பதில் சொல்ல வாய்ப்புத் தராதது, இப்படி ஏதாவது இருக்க வேண்டும். அந்தத் தவறு இல்லாமல் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்க உண்மையிலேயே வாய்ப்பு உண்டு என்பதையும் காட்ட வேண்டும். 2024-ல் எல்.பி.டி.டி. வழக்கில் அந்த வாசல் அவ்வளவு உயரமில்லை என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, அது நமக்கு நல்லது.

தண்டனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் கேரக்டர் டெஸ்டில் தோல்வி, அதில் எத்தனை மாதம் உள்ளே இருந்தான் என்பது கணக்கே இல்லை. 2014 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்டவர் ஜெயிலில் முழுநேரத் தண்டனையில் இருந்தால் அதிகாரி ரத்து செய்தே ஆக வேண்டும், அவருக்கு வேறு வழி கிடையாது. அதனால் முதல் ரத்தை எதிர்த்துப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ரத்தை நீக்க மறுத்த முடிவைத்தான் பார்க்க வேண்டும்.

ஓடை_நீர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தாடை உடைந்தவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே. 22 வருஷம் இங்கே இருந்துவிட்டு சிடிசன்ஷிப் எடுக்காமல் விட்டது உங்கள் குடும்பத்தின் முடிவு. மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர் ஒரு கொள்கை வைக்கிறார், அதைக் கோர்ட் வந்து தடுப்பது சரியா? நானும் இதே நாட்டில் பிள்ளை வளர்க்கிறவன், என் பிள்ளை இரவு வெளியே போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்றுதான் நினைப்பேன்.

கரிசல்மண்:

நியாயமான கேள்விதான் ஓடை_நீர். அடிபட்டவரை யாரும் மறக்கவில்லை. 110-ஆம் எண் உத்தரவில் சமூகத்தின் பாதுகாப்புக்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக எடை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், தீர்ப்பாயமும் அதைத்தான் செய்திருக்கும். கட்டாய ரத்து என்ற சட்டமே செல்லாது, இது இரண்டாவது தண்டனை என்று 2018-ல் ஃபால்சன் வழக்கில் வாதாடிப் பார்த்தார்கள், உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, கோர்ட் அமைச்சரின் கொள்கையைத் தடுக்கவில்லை.

ஆனால் அமைச்சரும் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். அதை யார் பார்ப்பது? ஹனீஃப் டாக்டர் நினைவிருக்கிறதா? பெங்களூரிலிருந்து வந்து கோல்ட் கோஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 2007 ஜூலை 2-ஆம் தேதி பிரிஸ்பேன் விமான நிலையத்தில் பிடித்தார்கள், பிரிட்டனில் நடந்த குண்டுவெடிப்பு முயற்சியில் அவருடைய உறவினர்களுக்குத் தொடர்பு இருந்தது, இவர் அங்கிருந்து கிளம்பும்போது தன் சிம் கார்டை அவர்களில் ஒருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார், அவ்வளவுதான். மாஜிஸ்ட்ரேட் ஜாமீன் கொடுத்த அன்றைக்கே, ஜூலை 16, அமைச்சர் கெவின் ஆண்ட்ரூஸ் கேரக்டர் காரணம் சொல்லி விசாவை ரத்து செய்துவிட்டார், குற்றவாளிகளோடு தொடர்பு வைத்திருந்தாராம். அந்த மாதம் முடிவதற்குள் போலீஸ் வழக்கே கைவிடப்பட்டது, ஆனால் விசா ரத்து அப்படியே நின்றது. ஆகஸ்ட் 21-ல் ஃபெடரல் கோர்ட் நீதிபதி ஸ்பெண்டர்தான் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தார். வெறும் உறவோ பழக்கமோ போதாது, அந்தத் தொடர்பு அவருடைய நடத்தையைக் காட்டுவதாக இருக்க வேண்டும், அமைச்சர் சட்டத்தைத் தப்பாகப் படித்திருக்கிறார் என்பது அவர் தீர்ப்பு. விசாரணையின்போது, அமைச்சர் தரப்பு சொல்லும் அளவுகோலைப் போட்டால் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய நானே தேற மாட்டேனே என்றும் கேட்டார். அமைச்சர் மேல்முறையீடு செய்தார், டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்விலும் தோற்றார். கோர்ட் என்ற ஒன்று நடுவில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் காலம் முழுக்க "கேரக்டர் சரியில்லாதவர்" என்றே நின்றிருப்பார்.

இந்த வழியை அடைக்க அரசாங்கம் முயற்சி செய்யாமல் இல்லை. குடிவரவு முடிவுகளைக் கோர்ட்டில் கேள்வி கேட்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். 2003-ல் எஸ்157 வழக்கில் உயர் நீதிமன்றம், அரசு முடிவுகளை விசாரிக்க அரசியல் சாசனத்தின் 75(வி) பிரிவு தனக்குக் கொடுக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் பறிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. எனக்கு இந்த நாட்டில் பிடித்த விஷயங்களில் இது ஒன்று, மனதாரச் சொல்கிறேன்.

வன்னி_மழை:

பாராமட்டா அண்ணை, என் தம்பியின் கதையைச் சொல்கிறேன், வக்கீல் சொல்லாத பக்கம் ஒன்று இதில் இருக்கிறது.

தம்பி அகதியாக வந்து பி.ஆர். எடுத்தவன். அவனுக்கும் இதே மாதிரிக் கட்டாய ரத்து, இதே மாதிரித் தீர்ப்பாயத்தில் மறுப்பு. தீர்ப்பை ஒரு வக்கீல் அக்கா ஆறுதலாக இருந்து வாசித்தபோதுதான் கண்டுபிடித்தார், அரசுத் தரப்பு வக்கீல் தண்டனை விசாரணையில் சொன்ன ஒரு குற்றச்சாட்டை, நீதிபதியே உண்மை என்று ஏற்றுக்கொண்டதாகத் தீர்ப்பாயம் எழுதியிருந்தது. நீதிபதி அப்படிச் சொல்லவே இல்லை, தண்டனை உரையின் எழுத்துப் பிரதி எங்களிடம் இருந்தது. அந்த ஒரு பந்தியில் வழக்கு நின்றது, ஃபெடரல் கோர்ட்டில் வென்றோம்.

வென்ற அன்றைக்கு அம்மா சாமி அறையில் விளக்கு ஏற்றிவிட்டு, அவனுக்குப் பிடித்த இறைச்சிக் கறி சமைத்துக்கொண்டு இருந்தார், தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று. வரவில்லை. கோர்ட் ரத்து செய்தது தீர்ப்பாயத்தின் முடிவை மட்டும், ஜெயிலில் இருக்கும்போது நடந்த முதல் விசா ரத்து அப்படியே இருக்கிறது, அதனால் அவன் இன்னும் விசா இல்லாத ஆள்தான், முகாமில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். இதை முன்னமே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வேறொரு உறுப்பினர் முன்னால் எல்லாம் முதலில் இருந்து தொடங்கியது. அந்த மாதங்கள் அம்மாவுக்கு முதல் தடவையை விடக் கடினமாக இருந்தது. கடைசியில் ரத்தை நீக்கினார்கள், இப்போது டண்டினோங்கில் எங்களோடு இருக்கிறான், வேலைக்குப் போகிறான்.

அதனால் அண்ணை, அக்காவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், கோர்ட்டில் வென்றாலும் பிள்ளை அன்றைக்கே வெளியே வரமாட்டான் என்று. நேரே போய்ப் பார்த்துக் கதையுங்கள், ஃபோனில் சொல்ல வேண்டாம்.

ஓடை_நீர்:

வன்னி_மழை சொன்னதைப் படித்தேன். முதல் ரத்து அப்படியே நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. தண்டனை முடிந்த பிறகும் அப்படி உள்ளே வைத்திருப்பது சரியாகப் படவில்லை. ஆனால் பாராமட்டா அண்ணா, காலவரையில்லாமல் அடைத்து வைக்கக்கூடாது என்று 2023-ல் தீர்ப்பு வந்ததே, நிறையப் பேர் வெளியே வந்தார்களே, அது இவனுக்குப் பொருந்தாதா?

கரிசல்மண்:

என்.இசட்.ஒய்.க்யூ. வழக்கைச் சொல்கிறீர்கள், 2023 நவம்பர் 8. பொருந்தாது. எந்த நாடும் ஏற்காததால் எங்கேயும் அனுப்ப வழியில்லாதவர்களுக்கான தீர்ப்பு அது. இவனிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது, இந்தியா ஏற்றுக்கொள்ளும், அதனால் "அனுப்ப வாய்ப்பில்லை" என்று சொல்ல முடியாது.

வன்னி_மழை சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியம். அதோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள், தீர்ப்பாயத்தில் ஜெயித்த பிறகும் தேச நலன் என்று சொல்லி அமைச்சர் நேரடியாகத் தலையிட்டு மறுபடி ரத்து செய்ய 501பிஏ என்ற பிரிவு இடம் கொடுக்கிறது, நம் தரப்பைக் கேட்க வேண்டிய கட்டாயம்கூட அதில் இல்லை. அப்படி நடந்தால் தீர்ப்பாயம் கிடையாது, கோர்ட் மட்டும்தான் மிச்சம். எல்லோருக்கும் அப்படிச் செய்வதில்லை, பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

தாமிரபரணி_72:

சின்ன வயதில் வந்தவர்களை இப்படி அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நிஸ்ட்ரம் என்று ஒருவர், பிறந்த 27-ஆம் நாள் ஆஸ்திரேலியா வந்தவர். அம்மா உறவினரைப் பார்க்க ஸ்வீடன் போன இடத்தில் பிறந்ததால் ஸ்வீடன் குடிமகன், அவ்வளவுதான். அந்த மொழி தெரியாது. குற்றப் பட்டியல் நீளம், மோசமான குற்றங்கள், அதை மறுக்கவில்லை. ஃபெடரல் கோர்ட் மூவர் அமர்வில் ஜெயித்தார், 2006-ல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, ஸ்வீடனுக்கு அனுப்பிவிட்டார்கள். 2011-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது அவருடைய சொந்த நாட்டுக்குள் வரும் உரிமையை மீறியது என்று சொன்னது. சொந்த நாடு என்பது பாஸ்போர்ட்டில் இருப்பது மட்டும் இல்லை என்பதுதான் அதன் பொருள். ஐ.நா. சொல்வது இங்கே கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனாலும் 5 வயதில் வந்து இங்கேயே பள்ளிக்கூடம் போய் இங்கேயே கெட்டுப்போன பிள்ளை, இந்த நாட்டின் பிள்ளைதான் என்று நான் நினைக்கிறேன்.

பி.ஆர்.-இல் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நிலம், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) அலைச்சல் எல்லாம் இருக்கட்டும், பிள்ளைக்கு சிடிசன்ஷிப் எடுத்துவிடுங்கள்.

பாராமட்டா_மாமா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஓடை_நீர், நீங்கள் கேட்டதில் தப்பில்லை, அடிபட்டவருக்கு அவன் மன்னிப்புக் கடிதம் எழுதினான், போய்ச் சேர்ந்ததா தெரியாது.

கரிசல்மண் தம்பி சொன்ன பிறகு தீர்ப்பை நேற்று இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். குழந்தைகள் நலன் என்ற பகுதியில் ஒரு வயதுப் பெண் குழந்தையைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. அந்த 7 வயதுப் பையன் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசுத் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யும்போது அவன் அம்மா தெளிவாகச் சொன்னாள், ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போவதிலிருந்து எல்லாம் இவன்தான் என்று. எழுதிக் கொடுத்த அறிக்கையில் பையன் பெயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன், முகாமில் இருப்பதால் காகிதம் முழுக்க எங்கள் கையில் இல்லை. இது தவறாக எடுத்துக்கொள்ளப்படுமா?

கரிசல்மண்:

அண்ணா, இது வக்கீல் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். 110-ஆம் உத்தரவில், ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் அவர்கள் நலன் வேறுபடும் அளவுக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

அரசுத் தரப்பு என்ன சொல்லும் என்றால், விசாரணைக்கு இரண்டு வேலை நாளுக்கு முன்பே எழுத்தில் கொடுக்காத எதையும் அவன் தரப்புக்காகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி இருக்கிறது என்று சொல்லும். அந்த விதி உண்மைதான். ஆனால் 2015-ல் யூலெசே வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு வந்ததும் கிட்டத்தட்ட இதேதான். அவருடைய ஐந்து பிள்ளைகளில் கடைசி இருவரைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை, அவர்களின் அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்யும்போதுதான் வெளியே வந்தது. விதி இருக்கிறது என்று தீர்ப்பாயம் அவர்களைப் பார்க்காமல் விட்டது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பே கேட்டு வாங்கிய பதிலுக்கு அந்த விதி பொருந்தாது, குழந்தைகள் நலனைப் பார்க்காமல் விட்டது அதிகார வரம்பைத் தாண்டிய தவறு என்று முடிவாகி, வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது. உங்கள் வழக்கு அப்படியே அதுதான் என்று நான் சொல்லவில்லை, தீர்ப்பில் வேறு எங்காவது அந்தப் பையனைத் தொட்டிருந்தால் கதை மாறும். விசாரணையின் ஒலிப்பதிவை உடனே கேட்டு வாங்குங்கள், அம்மா சொன்னது அதில்தான் இருக்கும்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தடுப்பில் இருப்பவருக்குக் கோர்ட் கட்டண விலக்கு உண்டு, படிவத்தைக் கேளுங்கள். தோற்றால் அமைச்சர் தரப்பு வக்கீல் செலவையும் நம் தலையில் போடுவார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். லீகல் எய்டில் கேட்டுப் பாருங்கள், அங்கே கிடைக்காவிட்டால் மனு போட்ட பிறகு இலவசமாக வாதாட ஒரு வக்கீலிடம் அனுப்பிவைக்கும்படி நீதிபதியிடமே கேட்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் கேட்க வழி இருக்கிறது. மைக்ரேஷன் ஏஜென்ட் கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. "எப்படியும் ஜெயித்துவிடலாம்" என்று சொன்ன அவரிடம் இந்த வேலைக்காக இனி காசு கொடுக்காதீர்கள். வக்கீல் மூலம் போடுவதென்றால், வழக்கில் ஜெயிக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டுத்தான் இந்த மனுவைத் தாக்கல் செய்ய முடியும், அதனால் நல்ல வக்கீல் என்றால் இல்லாததை இருக்கிறது என்று சொல்லமாட்டார்.

இன்னும் இரண்டு விஷயத்தை இன்றைக்கே மருமகனிடம் சொல்லிவிடுங்கள். மனு போட்டதாலேயே நாடு கடத்தல் தானாக நின்றுவிடாது, வழக்கு முடியும்வரை அனுப்பமாட்டோம் என்று எதிர்த்தரப்பிடம் வக்கீல் எழுத்தில் வாங்க வேண்டும், தராவிட்டால் கோர்ட்டில் இடைக்காலத் தடை கேட்க வேண்டும். அப்புறம், முகாமில் அலுத்துப்போய் "என்னை ஊருக்கே அனுப்பிவிடுங்கள்" என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. எழுத்தில் கேட்டுவிட்டால் அவனை அனுப்ப வேண்டிய கடமை அவர்களுக்கு வந்துவிடும், கேரக்டர் காரணத்தில் விசா போனவர் திரும்பி வருவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

தீர்ப்பின் தேதியைப் போட்டு 35-ஆவது நாள் எது என்று இங்கே எழுதுங்கள். பெயர் எதுவும் போட வேண்டாம், தேதி மட்டும் போதும். சிட்னியில் இந்த வேலை பார்க்கும் வக்கீல்கள் சிலரைத் தெரியும், தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.